பஃபர் இருக்கா என்று அப்பா கேட்டார்

2021 ஆகஸ்டில் நான் ஒரு ரயில் பெட்டி வாங்கினேன். அலமாரியில் வைக்கிற மாதிரி வண்டி இல்லை, நிஜப் பெட்டி. 23 மீட்டர் நீளம், ஏறக்குறைய 33 டன் எடை. பிரிட்டனில் மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடிய இன்டர்சிட்டி 125 என்ற டீசல் வண்டியின் சாதாரண வகுப்புப் பெட்டி அது. பேசிய விலை 6,000 பவுண்டு. பதினான்கு மாதம் கழித்து, பெட்டி என் கையை விட்டுப் போன அன்று கூட்டிப் பார்த்தேன். 28,090 பவுண்டு செலவாகியிருந்தது. ரூபாயில் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல். அந்தப் பதினான்கு மாதமும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியாகத் திண்டாடினேன். என்னைப் போலவே பழைய வண்டிகள் மேல் உயிரை வைத்திருக்கும் இன்னொருவர் இதே குழியில் விழக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிப் பிரிவில் ஃபிட்டர். சங்குச் சத்தம் கேட்டு எழுந்து, சங்குச் சத்தம் கேட்டுச் சாப்பிட்டு வளர்ந்த வீடு. 2003-இல் எக்ஸ்ரே பிரிவில் வேலை கிடைத்து இங்கிலாந்துக்கு வந்தேன். முதல் வேலை வேல்ஸில் ஸ்வான்சி ஊரில். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் இரண்டு சூட்கேஸ்களோடும் ஊறுகாய் பாட்டிலோடும் நின்றபோது எதிரே நின்ற வண்டிதான் நான் பார்த்த முதல் இன்டர்சிட்டி 125. கூரான மூக்கு, சரிந்த கண்ணாடி. கிளம்பும்போது இன்ஜினிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. உறுமல் பாதி, ஊளை பாதி. பாக்ஸ்மன் வலென்டா என்ற 12 சிலிண்டர் இன்ஜினின் டர்போசார்ஜர் போடும் சத்தம் அது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஊரை விட்டு வந்த அழுகை தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும், இங்கேயும் ரயில்காரர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை என்று தோன்றியது. சுமார் மூன்று மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வான்சி போய்ச் சேர்ந்தேன். அந்த ஜன்னலோர இருக்கைதான் இந்தக் கதைக்கே காரணம்.

அந்த வண்டியின் வரலாறு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970 வாக்கில் பிரிட்டிஷ் ரயில்வே வளைவுகளில் சாய்ந்தபடி ஓடும் புதுவகை வண்டி ஒன்றை உருவாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. அது இழுத்துக்கொண்டே போனதால், தெரிந்த தொழில்நுட்பத்தை வைத்தே வேகமான வண்டி கட்டலாம் என்று டெரி மில்லர் தலைமையில் பொறியாளர்கள் இறங்கினார்கள். 1972-இல் முன்மாதிரி வண்டி தயார். 1973 ஜூன் 12-இல் வடக்கு இங்கிலாந்தில் அது மணிக்கு 143.2 மைல் தொட்டது, அதாவது 230 கிலோமீட்டர். 1976 அக்டோபரில் பாடிங்டனிலிருந்து பயணிகளோடு ஓடத் தொடங்கியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இன்ஜின் வண்டிகள், ஒவ்வொன்றிலும் 2,250 குதிரைத்திறன். தண்டவாளத்தையோ சிக்னலையோ பெரிதாக மாற்றவில்லை. 100 மைல் வேகத்துக்கு அமைத்த சிக்னல் தூரத்துக்குள் 125 மைல் வேகத்திலிருந்து நிற்கிற மாதிரி பிரேக் வடிவமைத்தார்கள். எனக்கு இந்த வண்டியில் பெரிய சாதனையே அந்த பிரேக்தான். வேகமாக ஓட்டுவது ஒரு பாதி, குறித்த இடத்தில் நிறுத்துவது மறுபாதி என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

மூக்கின் வடிவம் கென்னத் கிரேஞ்ச் என்ற வடிவமைப்பாளர் தந்தது. அவரிடம் கேட்டது வெளியே அடிக்கும் வண்ணத் திட்டம் மட்டும்தான். அவராகவே ஒரு கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துச் சோதித்து, முகத்தையே மாற்றி வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். 1987 நவம்பர் 1-இல் 43102 என்ற இன்ஜின் வண்டி 148 மைல் வேகம் போய், டீசல் வண்டிக்கான உலக சாதனையைப் படைத்தது. இதே குடும்பத்து வண்டிதான் எக்ஸ்பிடி என்ற பெயரில் 1982 முதல் ஆஸ்திரேலியாவில் ஓடியது.

இவ்வளவு பெருமை இருப்பதால் வண்டிகள் ஓய்வுபெறத் தொடங்கியதும் காப்பாற்றுவதற்கு ஆட்கள் வந்தார்கள். 43002 யார்க் நகர ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனது. சாதனை வண்டியான 43102 ஷில்டன் ஊர் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனது. 1972-இன் முன்மாதிரி இன்ஜின்கள் இரண்டில் 41002 வெட்டப்பட்டுவிட்டது. மிஞ்சிய 41001-ஐ 125 குரூப் என்ற ஆர்வலர் அமைப்பு வலென்டா இன்ஜின் பொருத்தி 2014-இல் மறுபடி ஓட வைத்தது. அவர்களை நினைத்தாலே கைகூப்பத் தோன்றும். ஆனால் நான் கவனித்த ஒன்று உண்டு. ஆசைப்படுகிற எல்லோரும் இன்ஜினுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். பெட்டியைக் கேட்பவர் குறைவு. மார்க் 3 என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டிகள் வரிசையாக உடைப்பு யார்டுக்குப் போயின. எனக்கு அது தாங்கவில்லை. நாங்கள் யாரும் இன்ஜினில் உட்கார்ந்து போகவில்லையே. வேலை தேடிப் போனவர்கள், மருத்துவமனைக்குப் போனவர்கள், கல்யாணம் பேசப் போனவர்கள் எல்லோரும் உட்கார்ந்தது பெட்டியில்தான். முன்மாதிரி வண்டியின் பெட்டிகளில் இரண்டை மாற்றிக் கட்டி 1977-இல் எலிசபெத் ராணியின் சிறப்பு ரயிலில் சேர்த்தார்கள். அவ்வளவு நல்ல பெட்டிகள்.

2021 மே 15-இல் நான் குடியிருக்கும் பகுதி வழியே போகும் மிட்லண்ட் ரயில் பாதையில் கடைசி இன்டர்சிட்டி 125 ஓடியது. லெஸ்டர் பக்கம் ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். வண்டி கடந்து போனபின் வெகுநேரம் வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு வியாபாரி பெட்டிகள் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். இருக்கைகள், மேசைகள், விளக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஜன்னலோர இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதுதான் முதல் தவறு. இருக்கையில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்காதீர்கள். வெளியே வந்து, ஒரு வாரம் கழித்து, தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்று எனக்கு அப்போதே ஒரு ஏற்பாடு இருந்தது, அதாவது இருந்ததாக நம்பினேன். தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு பழமை ரயில் பாதையில் பழக்கமான ஒருவர், “வாங்கிட்டு வாங்க, இடம் பண்ணிடலாம்” என்று போனில் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். ஆனால் இடம் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, நிர்வாகக் குழுவுக்குத்தான் இருந்தது. நான் பணம் கட்டியபின்தான் விஷயம் குழுவுக்கே போனது. பத்து நாளில் பதில் வந்தது: எடுத்துக்கொள்ள இயலாது.

அந்தப் பதிலைப் படித்த இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். பெட்டி வாங்கியதையே அப்போதுதான் அவரிடம் சொன்னேன். எண்பது வயதை நெருங்கியவர், ஓய்வுபெற்று இருபது வருடம் ஆனவர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். “ஏம்ப்பா, பஃபர் இருக்கா? பிரேக்கு வாக்குவமா, ஏரா? கரெண்டு எங்கேருந்து வருது?” மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. குழு எழுதிய கடிதத்தில் இருந்த காரணங்களும் அதே மூன்றுதான். ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரே ஒரு போன் முன்னாலேயே செய்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அன்று விழுந்த அடி இன்னும் வலிக்கிறது.

அந்த மூன்றையும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்டர்சிட்டி 125 பெட்டி வாங்க நினைப்பவருக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. பஃபர் என்பது பெட்டியின் முனையில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இடிதாங்கி. இங்கே பழைய இன்ஜின்கள் எல்லாம் பஃபரை பஃபரோடு அணைத்துத்தான் வண்டியைத் தள்ளும், இழுக்கும். இன்டர்சிட்டி 125 பெட்டிகளுக்கு பஃபரே கிடையாது. இன்ஜினும் பெட்டிகளும் எப்போதும் ஒரே தொகுதியாக ஓடுவதால் ஒன்றோடொன்று இணைக்கும் நடுக் கப்ளிங் மட்டும் வைத்துக் கட்டிவிட்டார்கள். அதே மார்க் 3 வகையில், தனி இன்ஜின் இழுக்கும் பெட்டிகளுக்கு பஃபர் உண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான் வாங்கியது பஃபர் இல்லாத தம்பி. அதைச் சாதாரண இன்ஜினோடு சேர்க்க, ஒரு முனையில் பஃபரும் மறுமுனையில் பொருத்தமான கப்ளிங்கும் உள்ள இடைப்பெட்டி வேண்டும். அது எல்லா ஊரிலும் இருக்காது.

பிரேக்கும் அப்படியே. இந்தப் பெட்டிகளுக்கு, அழுத்திய காற்றில் வேலை செய்யும் ஏர் பிரேக் மட்டும்தான். நீராவி வண்டிகளை ஓட்டும் பழமைப் பாதைகள் பலவற்றில், குழாயில் வெற்றிடம் உண்டாக்கி வேலை செய்யும் வாக்குவம் பிரேக் பெட்டிகள்தான் ஓடுகின்றன. நம் ஊரில் வாக்குவத்திலிருந்து ஏருக்கு மாறிய காலத்தில் அப்பா இரண்டு வகையிலும் வேலை பார்த்தவர், அதனால்தான் அவருக்கு அந்தக் கேள்வி உடனே வந்தது. மூன்றாவது மின்சாரம். விளக்கு, ஏசி, பேட்டரி சார்ஜ் எல்லாவற்றுக்கும் இன்ஜின் வண்டியிலிருந்து 415 வோல்ட், மூன்று பேஸ் மின்சாரம் வர வேண்டும். மற்ற டீசல் இன்ஜின்கள் பெட்டிக்குக் கொடுப்பது வேறு வகை மின்சாரம். ஜன்னல்களும் திறக்காதவை. ஆக, சொந்த இன்ஜின் இல்லாமல் இந்தப் பெட்டியைக் கோடையில் ஓட்டினால் உள்ளே அடுப்புதான். இத்தனைக்கும் மேல் 23 மீட்டர் நீளம். பழமைப் பாதைகளில் ஓடும் பழைய பெட்டிகள் 20 மீட்டர் அளவில்தான். கூடுதல் மூன்று மீட்டர், நெருக்கமான வளைவில் பிளாட்பாரத்தையோ பக்கத்துத் தூணையோ உரசும். நீங்கள் பேசும் பாதை நிர்வாகத்திடம் இதை எல்லாம் நீங்களே எழுதிக் கொடுத்து, “இந்த நீளத்துக்கு, இந்த பிரேக்குக்கு, இந்தக் கப்ளிங்குக்கு இடம் தருகிறோம்” என்று எழுத்தில், அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வரும் வரை விற்பவருக்கு ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டியதும் வந்த முதல் அதிர்ச்சி விற்பனை வரி. 6,000 என்று பேசியதன் மேல் 20 சதவீதம், ஆக 7,200. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, நான் வாசிக்கவில்லை. அதே தாளில் இன்னொரு வரியும் இருந்தது. குறித்த நாளுக்குள் பெட்டியை எடுத்துப் போகாவிட்டால் தினமும் இடவாடகை. பழமைப் பாதை மறுத்துவிட்டது, நாள் ஓடிக்கொண்டிருந்தது. இரவு வேலை முடித்துவிட்டுக் காலையில் காரை எடுத்துக்கொண்டு யார்டு யார்டாக அலைந்தேன். கடைசியில் மூடிப்போன ஒரு செங்கல் சூளையின் வளாகத்தில் வாரம் 45 பவுண்டு வாடகைக்கு இடம் கிடைத்தது. அங்கே தண்டவாளம் கிடையாது. பழைய தண்டவாளத் துண்டுகளும் ஸ்லீப்பர்களும் வாங்கிப் போட்டதற்கு 1,900 பவுண்டு.

சாலையில் கொண்டுபோவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிக்க முடியாத சரக்கின் நீளம் 18.65 மீட்டரைத் தாண்டினால் இங்கே அது அசாதாரணச் சுமை. போலீசுக்கு இரண்டு முழு வேலை நாள் முன்னதாகவே அறிவிக்க வேண்டும், எந்தச் சாலை, எந்தப் பாலம் என்று வழி சொல்ல வேண்டும். லாரிக்காரர்கள் இதைப் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் நாள் மாறினால் அந்தச் செலவு உங்கள் தலையில். அனுபவமுள்ள ரயில் லாரிகள் தண்டவாளம் பதித்த டிரெய்லரைச் சாய்வுப்பாதை வைத்து நேராக இறக்கிவிடும், கிரேன் தேவைப்படாது. அதற்கு வண்டி நேர்கோட்டில் வந்து நிற்க இடம் வேண்டும். என் சூளை வளாகத்தின் வாசல் குறுக்கே திரும்பியிருந்ததால் கிரேன் இல்லாமல் முடியவில்லை. லாரிக்கு 3,800, கிரேனுக்கு 2,600. இடம் பார்க்கப் போகும்போது வாடகையை மட்டும் கேட்காமல், லாரிக்காரரையும் கூட்டிப்போய் வாசலைக் காட்டியிருந்தால் அந்த 2,600 மிஞ்சியிருக்கும். மேலே மின்கம்பி போகிறதா, தரை இளகலா என்பதையும் அவர்தான் சொல்ல முடியும்.

அக்டோபரில் பெட்டி வந்து இறங்கியது. கதவைத் திறந்து உள்ளே போனேன். ஆறு மேசைகள் இல்லை. பேட்டரிகள் இல்லை. ஏசி பாகங்கள் இல்லை. கழிவறைக் கதவு ஒன்றைக் காணோம். ஜூனில் பார்த்தபோது எல்லாம் இருந்தது. விற்றவரிடம் கேட்டேன். “பார்த்தபடி என்று ஒப்பந்தத்தில் இல்லை, உள்ளபடி என்றுதான் இருக்கிறது” என்றார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாங்க முடிவான அன்றே பெட்டியின் உள்ளும் புறமும் அடியும் தேதியோடு படம் எடுங்கள். என்னென்ன பொருள் எத்தனை என்று பட்டியல் போட்டு ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சக்கரங்களின் நிலையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் பெட்டியையே போகி என்போம், இங்கே போகி என்பது அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி. நல்ல போகியைக் கழற்றிக்கொண்டு தேய்ந்த போகியைச் சொருகிக் கொடுப்பதும் நடக்கிற வியாபாரம்தான். என் விஷயத்தில் அது மட்டும் நடக்கவில்லை.

அந்தக் குளிர்காலம்தான் என் வாழ்க்கையில் மிகத் தனிமையான காலம். மழை. மார்க் 3 பெட்டியின் உடல் எஃகு. ஜன்னல் மூலைகளிலும் கதவுக்கு அடியிலும்தான் துரு முதலில் பிடிக்கும். நான் அவசரத்தில் பெரிய தார்ப்பாயை வாங்கி, பெட்டியை இறுக்கமாகப் போர்த்திக் கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவிழ்த்தபோது உள்ளே ஈரம் வேர்த்துச் சொட்டியது, இருக்கைத் துணியில் பூஞ்சை. மூடாமல் விட்டால் மழை, இறுக்கி மூடினால் வியர்வை. தார்ப்பாய்க்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் கொடுத்துக் காற்றுப் போக வழி விட வேண்டும், ஓட்டைகளை முதலில் அடைத்துவிட்டுத்தான் போர்த்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள 1,150 பவுண்டும் ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. பல நாள் தார்ப்பாய்க்கு அடியில் டார்ச் வெளிச்சத்தில் துணியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, அதே ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

2022 பிப்ரவரியில் ஒரு இரவு யாரோ வேலியை வெட்டிக்கொண்டு வந்து, பெட்டிகளுக்கு நடுவே போகும் கனமான செம்புக் கேபிள்களை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு பெட்டியிலிருந்து கழற்றிய கேபிள் தேடி வாங்க 1,600. காப்பீடு வைத்திருந்தேன், 480 பவுண்டு கட்டியிருந்தேன். காவலாளோ கேமராவோ இல்லாத இடத்தில் திருட்டுக்குப் பொறுப்பில்லை என்று அந்தப் பத்திரத்திலேயே இருந்தது. அதையும் நான் வாசிக்கவில்லை. ரயில் பெட்டிக்குக் காப்பீடு எடுப்பவர், பெட்டி எங்கே நிற்கும் என்பதை வரைபடத்தோடு கொடுத்து, “இந்த இடத்தில் திருட்டுக்கு உண்டா” என்று ஒரே கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

இத்தனையும் மனைவிக்கு முழுதாகத் தெரியாது. பெட்டி வாங்கியது தெரியும், செலவு தெரியாது. ஸ்ரீரங்கம் பக்கம் மனை வாங்க நாங்கள் இருவரும் சேர்த்துவைத்த கணக்கிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் வங்கித் தாள் அவள் கையில் கிடைத்துவிட்டது. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “என்னங்க, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, நானும் வந்து தொடச்சிருப்பேன்ல” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு கையுறையும் ஃபிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். ஆசை உங்களுடையதாக இருக்கலாம், பணம் வீட்டினுடையது. மொத்தச் செலவு எவ்வளவு வரை போகலாம் என்று ஒரு தொகையை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கொள்முதல் விலையைப் போல நான்கு மடங்கு ஆகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது, பெட்டியின் விலை மொத்தத்தில் கால்வாசிதான்.

ஆகஸ்டில் சூளை வளாகத்தை விற்றுவிட்டதாக நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். உடைப்பு யார்டுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். மறுநாள் காலையில், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, இன்டர்சிட்டி 125 பெட்டிகள் சிலவற்றை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு காப்புக் குழுவுக்கு உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதினேன். நான்கு நாளில் இருவர் வந்து பார்த்தார்கள். அவர்கள் முதலில் பார்த்ததும் அடிப்பாகத்தைத்தான். அவர்களிடம் இடைப்பெட்டி இருந்தது, ஏர் பிரேக் இன்ஜின் இருந்தது, மூன்று பேஸ் மின்சாரம் தெரிந்த ஓய்வுபெற்ற டிப்போக்காரர் இருந்தார். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பெட்டி எங்கள் அறக்கட்டளையின் பெயருக்கு மாற வேண்டும் என்றார்கள். கொண்டுவந்து சேர்க்கும் செலவு என்னுடையது. மறுபடி லாரி 4,300, கிரேன் 2,900.

பெயரை மாற்றிக் கொடுப்பது கசந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று விளக்கியபோது புரிந்தது. தனி ஆள் இறந்துபோனால், வேலை மாறிப் போனால், கடனில் விழுந்தால் பெட்டி அனாதை. அறக்கட்டளை என்றால் ஆள் மாறினாலும் பெட்டி நிற்கும். அதோடு இங்கே வரி கட்டுபவர் அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டு நன்கொடை கொடுத்தால் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். என் 28,090 பவுண்டில் பெரும்பகுதியை முதலிலேயே இப்படி ஒரு குழுவின் கையில் நன்கொடையாகக் கொடுத்திருந்தால் ஒரு பெட்டி அல்ல, சில பெட்டிகள் பிழைத்திருக்கும். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது. வண்டி மேல் ஆசை வந்தால் முதலில் ஒரு குழுவில் சேர்ந்து ஒரு வருடம் சனிக்கிழமைகளில் துரு சுரண்டுங்கள். அப்புறமும் சொந்தமாக வாங்கத் தோன்றினால், அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க நான்கு பேர் இருப்பார்கள்.

இப்போது நான் அங்கே சனிக்கிழமைத் தொண்டர். இங்கே பழமைப் பாதைகளில் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 25 மைல்தான். 125 மைலுக்குக் கட்டிய பெட்டி ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் உருளும். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. வாடகைக்கு எடுத்த கட்டுமான ஜெனரேட்டரிலிருந்து 415 வோல்ட் கொடுத்து முதல்முறை விளக்கு எரியவைத்த அன்று, அந்த டிப்போக்காரர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே போனார். பெட்டியின் கடைசி வரை மஞ்சள் வெளிச்சம் ஓடியது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பொன்மலையில் அப்போது இரவு ஒன்பது மணி. துடைத்துப் பளபளவென்று இருந்த மேசை, புதுத்துணி போட்ட இருக்கை, எரிகிற விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “உள்ள போதும்ப்பா, கீழ காட்டு” என்றார். இறங்கிப்போய், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு போனோடு பெட்டிக்கு அடியில் தவழ்ந்தேன். டிஸ்க் பிரேக்கையும் சஸ்பென்ஷனின் காற்றுப் பையையும் காட்டினேன். “இன்னும் கொஞ்சம் உள்ள போ” என்றார். போனேன். “அந்த பேடு எவ்வளவு மிச்சம் இருக்கு, வெரல வச்சுக் காட்டு.”